போக்கர்: கோப்பை ஒருத்தனுக்கு, கட்டணம் எல்லாருக்கும்

போன பதிவில் மின்தடை, அதற்கு முந்தின பதிவில் கைத்தறி, இந்தப் பதிவில் சீட்டுக்கட்டு. "ஒரு விஷயத்துலயாவது நிலையா நிப்பியாடா?" என்று கேட்கும் நல்ல உள்ளங்களுக்கு என் பதில்: மாட்டேன் :-)

எங்கள் வகுப்பில் கொஞ்ச நாளாக ஒரு வேதவாக்கு உலா வருகிறது. "கேஷ் கேம் ஆடுறவன் சூதாடி. டோர்னமென்ட் ஆடுறவன் பிளேயர்." யாரோ ஒரு மகான் மெஸ்ஸில் சாம்பார் சாதத்துக்கு நடுவில் உதிர்த்தது. அன்றிலிருந்து எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? டோர்னமென்ட்டில் கோப்பை இருக்கிறது, கேமரா இருக்கிறது, வர்ணனையாளர் இருக்கிறார், ஜெயித்தவன் நோட்டுக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான். கேஷ் கேமில் என்ன இருக்கிறது? எட்டொன்பது பேர் முன்னால் காசை வைத்துக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்திருப்பார்கள். பார்த்தால் ஆலமரத்தடி மங்காத்தா மாதிரியே இருக்கும்.

இந்த வேதவாக்கைத் தலைகீழாகத் திருப்புவதுதான் இந்தப் பதிவின் வேலை. என் கட்சி இது: இரண்டில் லாட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது டோர்னமென்ட்தான். தனக்கு உண்மையிலேயே ஆட்டம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவன் உட்கார வேண்டிய இடம் கேஷ் மேசை. சொல்லிவிட்டேன், கல்லெறிபவர்கள் வரிசையில் வரவும்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு பத்தி (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்)

கேஷ் கேமில் உங்கள் முன்னால் இருக்கும் சில்லு நிஜப் பணம். 100 ரூபாய்ச் சில்லு என்றால் 100 ரூபாய்தான். ஒவ்வொரு ஹேண்டிலும் இரண்டு பேர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு பிளைண்ட் என்று பெயர். அது இரவு முழுக்க மாறாது. எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து சில்லைக் காசாக்கிக்கொண்டு போகலாம்.

டோர்னமென்ட்டில் முதலிலேயே கட்டணம் கட்டிவிட வேண்டும். பதிலுக்குத் தரும் சில்லை வெளியே எங்கேயும் மாற்ற முடியாது. பிளைண்ட் அரை மணிக்கு ஒரு தரமோ ஒரு மணிக்கு ஒரு தரமோ ஏறிக்கொண்டே போகும். நடுவில் எழுந்து போக முடியாது. சில்லு தீர்ந்தவன் வெளியே. கடைசி வரை தாக்குப்பிடித்த சுமார் 15 சதவீதம் பேருக்குப் பரிசு, அதிலும் பெரும்பங்கு உச்சியில் இருக்கும் நாலைந்து பேருக்கு. மீதி 85 சதவீதம் பேருக்கு "நல்லா ஆடினீங்க சார்" என்று ஒரு கைகுலுக்கல்.

டோர்னமென்ட் யாருக்காகப் பிறந்தது?

இந்தக் கதை நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. போக்கரின் உலகக் கோப்பை என்று சொல்லப்படும் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' 1970-ல் லாஸ் வேகாஸில், பென்னி பின்னியனின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் ஆரம்பித்தது. அந்த முதல் வருஷம் டோர்னமென்ட்டே கிடையாது. ஊரிலேயே பெரிய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், அவர்கள் நாள்கணக்கில் கேஷ் கேம் ஆடினார்கள், கடைசியில் "நம்மில் சிறந்தவர் யார்?" என்று அவர்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டார்கள். ஜானி மாஸ் தேர்வானார். ஆமாம், முதல் உலக சாம்பியன் தேர்தலில் ஜெயித்தவர்!

அடுத்த வருஷமே, 1971-ல், எல்லாச் சில்லும் ஒருவரிடம் சேரும்வரை ஆடும் முறைக்கு மாறினார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கேஷ் கேமுக்கு முடிவு கிடையாது, ஆகவே சாம்பியனும் கிடையாது. ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தால் பத்திரிகைக்காரன் என்ன தலைப்பு போடுவான்? வேடிக்கை பார்ப்பவனுக்கு ஒரு தொடக்கம், ஒரு கிளைமாக்ஸ், ஒரு ஹீரோ வேண்டும். டோர்னமென்ட் கொடுப்பது அதைத்தான். ஆட்டக்காரர்களின் திறமையை இன்னும் துல்லியமாக அளப்பதற்கு அந்த வடிவம் தேவைப்படவில்லை. பார்வையாளனுக்குத்தான் தேவைப்பட்டது.

அதில் தப்பே இல்லை. சினிமாவும் அப்படித்தான். ஆனால் தியேட்டருக்குப் போய்விட்டு வந்து "நான் கல்லூரிக்குப் போனேன்" என்று சொல்லக்கூடாது இல்லையா?

16 சதவீதத்தில் பிறந்த ஒரு கனவு

"அப்போ மணிமேக்கர்?" என்று ஒரு குரல் கேட்கிறது. வருகிறேன்.

2003. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் (பெயரே அதுதான், நான் வைக்கவில்லை), இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, 10,000 டாலர் கட்டணம் உள்ள முக்கியப் போட்டிக்குள் நுழைந்தார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் முதலிடம், 25 லட்சம் டாலர் பரிசு. உலகமே ஆடிப்போனது. "அவனால் முடிந்தால் என்னாலும் முடியும்" என்று கிளம்பியவர்களின் கணக்கைப் பாருங்கள்: 2004-ல் 2,576 பேர், 2005-ல் 5,619 பேர், 2006-ல் 8,773 பேர்.

அந்த 2003 போட்டியில் பத்துப் பேர் மிச்சமிருந்தபோது நடந்த ஒரு ஹேண்டைச் சொல்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஃபில் ஐவி. நான்கு பொதுச் சீட்டுகள் திறந்திருந்தன: இரண்டு ராணி, ஒரு ஆறு, ஒரு ஒன்பது. ஐவி கையில் இரண்டு ஒன்பது, அதாவது ஃபுல் ஹவுஸ். மணிமேக்கர் கையில் ஏஸும் ராணியும், அதாவது மூன்று ராணி மட்டும். பணம் முழுக்க நடுவில் போய்விட்டது. கண்ணில் படாத 44 சீட்டில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை 7 சீட்டுகள்: மூன்று ஏஸ், மூன்று ஆறு, மிச்சமிருந்த ஒரு ராணி. 7-ஐ 44-ஆல் வகுத்தால் 16 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கடைசிச் சீட்டு ஏஸ். ஐவி பத்தாம் இடத்தோடு வீட்டுக்குப் போனார்.

மணிமேக்கரைக் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் ஆடினார். ஆனால் இதே ஹேண்ட் ஒரு கேஷ் மேசையில் நடந்திருந்தால் ஐவி என்ன செய்திருப்பார்? சட்டைப்பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்து வைத்துவிட்டு "அடுத்த ஹேண்ட்" என்றிருப்பார். ஆறு தடவை இதே நிலைமை வந்தால் ஐந்து தடவை ஐவிதான் ஜெயிப்பார் என்பது அங்கே கணக்கில் ஏறும். டோர்னமென்ட்டில் ஏறாது. ஒரே ஒரு சீட்டு, வருஷத்துக்கே முற்றுப்புள்ளி.

இப்போதைய அளவையும் பார்த்துவிடலாம். 2023-ல் இதே முக்கியப் போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள். ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம், அதில் 9,300 பரிசுத் தொகைக்கு, 700 நடத்துபவர்களுக்கு. பரிசு பெற்றவர்கள் 1,507 பேர். மீதி 8,536 பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர், மொத்தப் பரிசில் சுமார் 13 சதவீதம், ஒரே ஆளுக்கு. பத்தாயிரம் பேர் பானையில் போட்டு ஒருத்தர் வாளியில் அள்ளிப் போகும் இந்த ஏற்பாட்டுக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. சீட்டு குலுக்குவது என்பார்கள்.

கணக்கு (பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ அளவுதான்)

புள்ளியியல் படிக்கிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்ள அனுமதி தாருங்கள்.

கேஷ் கேமில் ஒரு நல்ல ஆட்டக்காரன் 100 ஹேண்டுக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 100 ஹேண்டுக்குச் சுமார் 90 பெரிய பிளைண்ட். 10,000 ஹேண்ட் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500, ஏற்ற இறக்கம் 900. அதாவது நல்ல ஆட்டக்காரனாகவே இருந்தாலும் நஷ்டத்தில் இருக்க 29 சதவீத வாய்ப்பு. ஒரு லட்சம் ஹேண்ட் ஆடினால்? லாபம் 5,000, ஏற்ற இறக்கம் சுமார் 2,850. நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு 4 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. நேரடி மேசையில் மணிக்கு 30 ஹேண்ட் என்றால் ஒரு லட்சத்துக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்துக்கு 20 மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வருஷம் சொச்சம்.

இப்போது டோர்னமென்ட். 1,000 பேர் ஆடும் போட்டி, 150 பேருக்குப் பரிசு, முதல் பரிசு மொத்தத்தில் 15 சதவீதம், கடைசியில் பரிசு வாங்குபவனுக்குக் கட்டணத்தைப் போல் 2 மடங்கு. நம் ஆள் ரொம்பத் திறமைசாலி, ஒவ்வொரு கட்டணத்துக்கும் சராசரியாக 30 சதவீதம் லாபம் பார்க்கிறான் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இந்தப் பரிசு வரிசைக்கு ஏற்ற இறக்கம் ஒரு போட்டிக்குச் சுமார் ஏழரைக் கட்டணம் வருகிறது. 100 போட்டி ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 30 கட்டணம், ஏற்ற இறக்கமோ 76 கட்டணம். இந்தத் திறமைசாலியே நஷ்டத்தில் இருக்க மூன்றில் ஒன்றுக்கும் மேலான வாய்ப்பு. கேஷ் கேமில் வந்த அதே 4 சதவீத நிச்சயத்துக்கு இவன் எத்தனை போட்டி ஆட வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 2,000. வாரத்துக்கு இரண்டு போட்டி என்றால் 19 வருஷம்!

நான் எடுத்துக்கொண்ட எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், 19 என்பது 12 ஆகலாம், 30 ஆகலாம். திசை மாறாது. பரிசு உச்சியில் குவிந்திருக்கும் வரை, ஏற்ற இறக்கமும் குவிந்துதான் இருக்கும்.

ஆக, டோர்னமென்ட்டில் தோற்றவன் "எனக்கு அதிர்ஷ்டமில்லை" என்பான், ஜெயித்தவன் "எனக்குத் திறமை இருக்கிறது" என்பான். இரண்டு பேர் சொல்வதையும் சரிபார்க்க வழியில்லை. இதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லிக்கொள்ள இவ்வளவு வசதியான இடம் வேறு இல்லை. கேஷ் மேசையின் நோட்டுப்புத்தகம் அப்படியில்லை. ஆறு மாசக் கணக்கை எடுத்துக் கூட்டினால் அது முகத்துக்கு நேரே பேச ஆரம்பிக்கும்.

சில்லு சொல்லும் பொய்

இன்னொரு விஷயம். டோர்னமென்ட்டில் சில்லு இரண்டு மடங்கானால் அதன் மதிப்பு இரண்டு மடங்காகாது. ஒரு சின்னக் கணக்கு.

மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சமமான சில்லு. பரிசு முறையே 50, 30, 20 ரூபாய். இந்த நிலையில் ஆளுக்கு மதிப்பு 33.33. நீங்களும் பக்கத்தில் இருப்பவரும் எல்லாச் சில்லையும் வைத்து மோதுகிறீர்கள். தோற்றால் மூன்றாம் இடம், 20 ரூபாய். அதாவது 13.33 நஷ்டம். ஜெயித்தால் உங்களிடம் மொத்தச் சில்லில் மூன்றில் இரண்டு பங்கு. முதலிடத்துக்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு, இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று என்று போட்டால் மதிப்பு 43.33. அதாவது 10 ரூபாய்தான் லாபம். 10-ஐ ஜெயிக்க 13.33-ஐப் பணயம் வைக்கிறீர்கள். 57 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

மிச்சம் 3.33 எங்கே போனது? சீட்டையே தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆளின் பாக்கெட்டுக்கு! அவர் மதிப்பு 33.33-லிருந்து 36.67 ஆகிவிட்டது. ஊரான் ஊரான் தோட்டத்தில் என்று பாடவே தோன்றும்.

டோர்னமென்ட் அபிமானிகள் இதைத்தான் "கூடுதல் திறமை" என்பார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது பரிசுப் பட்டியலைப் படிக்கும் திறமை. எதிராளியைப் படிக்கும் திறமை வேறு. சரியான பந்தயத்தைச் சரியாகக் கட்டியவனைத் தண்டித்து, ஒதுங்கியிருந்தவனுக்குச் சம்பளம் கொடுக்கும் விதியை ஆட்டத்தின் உச்சம் என்று எப்படிச் சொல்வது?

கூடவே பிளைண்ட் ஏற்றம். கேஷ் மேசையில் வழக்கமாக 100 பெரிய பிளைண்டோடு உட்காருவோம். ஒரு ஹேண்டில் நாலு சுற்று யோசிக்க இடமிருக்கும். டோர்னமென்ட்டின் பிற்பகுதியில் பலரிடம் 15, 20 பெரிய பிளைண்ட்தான் இருக்கும். அந்த நிலையில் பல முடிவுகள் "எல்லாவற்றையும் தள்ளு, இல்லை சீட்டை வீசு" என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். எந்தச் சீட்டுக்குத் தள்ள வேண்டும் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். பரிசு பெரிசாகப் பெரிசாக யோசனை சிறிசாகிக்கொண்டே போகிற விந்தையான விளையாட்டு இது.

எதிர்க்கட்சி வாதங்கள்

*"டோர்னமென்ட்டில் கட்டணத்துக்கு மேல் போகாது. கேஷ் கேமில் சட்டையே போய்விடும்."*

இருப்பதிலேயே நல்ல வாதம் இதுதான். முழுக்க மறுக்க மாட்டேன். கேஷ் மேசையில் "இன்னும் ஒரே ஒரு கட்டு" என்று திரும்பத் திரும்பப் பையில் கைவிடுகிறவன் உண்டு. ஆனால் இன்று நடக்கும் டோர்னமென்ட்களில் பலவற்றில் தோற்றவன் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரலாம். வேகாஸின் முக்கியப் போட்டி இன்னும் ஒரே நுழைவுதான். மற்ற பலவற்றில் அந்தப் பூட்டு உடைந்து நாளாகிவிட்டது. ஒரே நாளில் மூன்று தடவை கட்டணம் கட்டுகிறவனுக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? மேலும் கேஷ் மேசையில் இருக்கும் ஒரு சுதந்திரம் டோர்னமென்ட்டில் கிடையவே கிடையாது: எழுந்து போவது. தலைவலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, அம்மா போன் செய்கிறாரா, மிச்சத்தைக் காசாக்கிக்கொண்டு கிளம்பலாம். டோர்னமென்ட்டில் ராத்திரி 2 மணிக்கு அரைத்தூக்கத்தில் உங்கள் முழுக் கட்டணத்தையும் பற்றி முடிவெடுத்தே ஆக வேண்டும்.

*"பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் டோர்னமென்ட்தானே ஆடுகிறார்கள்?"*

டிவியில் காட்டுவது அதை என்பதால் அப்படித் தெரிகிறது. சிப் ரீஸ் என்று ஒருவர் இருந்தார், 2007-ல் காலமானார். அவரோடு ஆடியவர்களில் பலர் கேஷ் கேமில் அவரைப் போல் ஒருவரைப் பார்த்ததில்லை என்பார்கள். வேர்ல்ட் சீரிஸில் அவர் வாழ்நாளில் ஜெயித்தது மூன்றே தடவை: 1978, 1982, 2006. ஜெயித்த போட்டிகளை எண்ணிப் பார்த்தால் சாதாரண ஆள் மாதிரி இருக்கும். ஆனால் 50,000 டாலர் கட்டணம் உள்ள கலப்பு ஆட்டப் போட்டியின் கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 1970-ல் ஜானி மாஸுக்கு ஓட்டுப் போட்ட அதே மனசுதான். யார் பெரிய ஆள் என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்.

*"டோர்னமென்ட்டில் கத்துக்குட்டிகள் அதிகம், ஜெயிப்பது சுலபம்."*

முதல் பாதி உண்மை. கனவைப் பார்த்து வருகிறவர்கள் அங்கேதான் அதிகம். இரண்டாம் பாதி? பத்தாயிரம் பேரில் ஐயாயிரம் கத்துக்குட்டிகள் என்றாலும் அவர்கள் ஒவ்வொருவரிடமும் உங்களைச் சாய்க்க ஒரு சீட்டு இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் 30 சதவீத லாபம் என்று கொடுத்தேனே, அது கத்துக்குட்டிகளைச் சேர்த்துத்தான்.

*"கேஷ் கேமில் மேசைக்காரன் ஒவ்வொரு ஹேண்டிலும் கமிஷன் அடிக்கிறானே?"*

சரியான அடி. ரேக் என்று சொல்லப்படும் அந்தக் கமிஷன் சின்ன மேசைகளில்தான் அதிகமாக வலிக்கும், சுமாராக ஆடுகிறவனின் லாபத்தை மொத்தமாகத் தின்றுவிடும். டோர்னமென்ட்டில் கமிஷன் ரசீதிலேயே எழுதியிருக்கும், கேஷ் மேசையில் சொட்டுச் சொட்டாகப் போவதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் டோர்னமென்ட் நேர்மையானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து, ரேக்கையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்பது. கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு விடைதானே!

கோவா கம்பெனிக்கு ஒரு திறந்த கடிதம்

இந்தப் பதிவு எழுத உண்மையான காரணம் இப்போது வருகிறது. எங்கள் வகுப்பில் நாலு பேர் பணம் போட்டு ஐந்தாவது ஆளைக் கோவாவில் ஒரு டோர்னமென்ட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆள் ஹாஸ்டலில் தீக்குச்சி வைத்து ஆடிய ஆட்டங்களில் சூரன். ஜெயித்தால் அவன் கடைசி செமஸ்டரை ஒத்திப்போட்டுவிட்டு "முழுநேரமா இறங்கிடலாம்" என்கிறான். பணம் போடும் நாலு பேரில் ஒருவன் போடப்போவது தேர்வுக் கட்டணத்துக்கு வீட்டிலிருந்து வந்தது.

மக்களே, மாப்ளைகளே. உங்கள் காசு, உங்கள் இஷ்டம். ஆனால் மூன்று விஷயம்.

ஒன்று: இதை முதலீடு என்று சொல்லாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குகிறீர்கள். அந்தப் பெயரில் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்போதும் தேர்வுக் கட்டணத்தைப் போட மனசு வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு: எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1997-ல் ஸ்டூ அங்கர் மூன்றாவது தடவையாக உலகப் பட்டம் ஜெயித்தபோது கட்டணத்தைக் கட்டியவர் பில்லி பாக்ஸ்டர். பத்து லட்சம் டாலரில் பாதி அவருக்குப் போனது, பேச்சு சுத்தமாக இருந்தது. 2006-ல் ஜேமி கோல்ட் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஜெயித்தபோது "பாதி எனக்குத் தருவதாகச் சொன்னார்" என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் சமரசம் ஆனது. வாய்ப் பேச்சு ஜெயிக்கும் வரைதான் இனிக்கும்.

மூன்று, இதுதான் முக்கியம்: ஜெயித்தால் என்ன செய்வீர்கள்? தோற்றால் கொஞ்ச நாள் மெஸ் பாக்கி, அவ்வளவுதான். எனக்குப் பயம் அவன் ஜெயிப்பதில்தான். ஒரே ஒரு போட்டியில் ஜெயித்தவன் தன் திறமையைப் பற்றித் தெரிந்துகொண்டது ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒருவன் படிப்பை நிறுத்தப் போகிறான். 2,000 போட்டி சொல்ல வேண்டியதை ஒரு போட்டி சொல்லிவிட்டதாக நினைக்கிறவனை எந்த வாத்தியார் பாஸ் போடுவார்?

"அப்போ அவனைக் கேஷ் கேம் ஆடச் சொல்றியா?" முதலில் தீக்குச்சியிலேயே ஆடச் சொல்கிறேன். ஆனால் டோர்னமென்ட் மாதிரி வேண்டாம். கேஷ் கேம் மாதிரி: பிளைண்ட் ஏறாது, தோற்றவன் திரும்ப வாங்கலாம், யார் எத்தனை குச்சி வாங்கினார்கள், எத்தனையோடு எழுந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். இந்த செமஸ்டர் முழுக்க. ஹாஸ்டலில் இருக்கும் எட்டுப் பேரை அவன் குச்சிக்கணக்கில் தெளிவாக ஜெயிக்கவில்லை என்றால் கோவாவில் யாரை ஜெயிக்கப் போகிறான்?

சட்டம் என்ன சொல்கிறது?

"டோர்னமென்ட் விளையாட்டு, கேஷ் கேம் சூது" என்ற பிரிவினையை நம் நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் வந்துகொண்டிருந்த பிறகு, 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2023-ல் தடைச் சட்டம், அதே வருஷம் நவம்பரில் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு என்று மாறி மாறி நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல் தடை செய்தது. அந்தச் சட்டத்தின் முன்னால் கோப்பைக்குத் தனி மரியாதை கிடையாது.

திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு என் சின்னப் பதில்: போக்கரில் திறமை இருக்கிறது, ஆனால் அது வெளியே தெரிய நிறைய ஹேண்ட் வேண்டும். கேஷ் கேம் அந்த எண்ணிக்கையைக் கொடுக்கிறது. டோர்னமென்ட் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்குப் பென்ஷன் வந்துவிடும்.

டோர்னமென்ட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. பொழுதுபோக்காக ஆடுங்கள், சினிமா டிக்கெட் மாதிரி நினைத்துக் கட்டணத்தைக் கட்டுங்கள், கடைசி மேசை வரை போனால் ட்ரீட் வையுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். ஆனால் "நான் நல்லா ஆடுறேனா?" என்ற கேள்வியை அதனிடம் கேட்காதீர்கள். அதற்குப் பதில் தெரியாது. கேஷ் மேசைக்குப் பதில் தெரியும். அது பல நேரம் "இல்லை" என்றுதான் சொல்லும். அந்த "இல்லை"யைக் கேட்டுவிட்டு எழுந்து போக முடிகிறவன் எதையும் ஆடலாம். முடியாதவன் இரண்டையும் ஆடக்கூடாது.

கும்ம வேண்டியவர்கள் கும்மலாம். எண்களில் தப்பு இருந்தால் கணக்கோடு வரவும், "நீ ஆடத் தெரியாதவன், அதான் புலம்புற" என்பவர்கள் நோட்டுப்புத்தகத்தோடு வரவும்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது கேஷ் கேமில் உட்கார்ந்து சட்டையை இழந்தால் கம்பெனி பொறுப்பல்ல. தீக்குச்சி என்று தெளிவாக எழுதியிருக்கிறேன் :-)